சேனை வைத்த விரல்

கோகிலாவுக்குப் பசி திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மாட்டுத்தாவணி சிக்னலில்.

எடை குறைக்கச் செய்த அறுவை சிகிச்சையில் அவளுடைய இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இத்தனை நாளும் சாப்பாடு அவளுக்கு மாத்திரை மாதிரி. வேளை வந்தால் விழுங்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பு பாதியாகியிருந்தது. அவளுடைய பழைய சுடிதார்களை வெட்டி, தங்கை நிவேதா வீடு முழுவதற்கும் தலையணை உறை தைத்துவிட்டாள். கணவன் ராஜவேல், புதிதாகக் கல்யாணம் ஆனவன் போல அவளை பைக்கின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அழகர்கோவில் வரை காரணமில்லாமல் போய் வந்தான்.

சிக்னலில் அவள் ஓட்டி வந்த கார் நின்றது. ஓரத்து டீக்கடைக்காரர் ஜீராவிலிருந்து பால்பன்களைக் கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல கோகிலா திரும்பிப் பார்த்தாள்.

காரை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வாங்கினாள். காருக்குள் உட்கார்ந்து, கையில் ஜீரா வழிய, மெல்லக்கூட மெல்லாமல் தின்றாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்த்துக் கொட்டியது. சின்னதாகிப்போன வயிற்றில் சர்க்கரை தங்காமல் நேராகக் குடலுக்குள் பாய்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி, இனிமேல் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மறுபடியும் போனாள். அதற்கடுத்த வாரம், தின்றுவிட்டு மயங்கிக் கிடப்பதற்கு வசதியாக ஒரு வேப்பமரத்து நிழலையே பார்த்து வைத்திருந்தாள். பால்பன் போய் பரோட்டா வந்தது. பரோட்டாவுக்குப் பின்னால் வெறும் சோறு, அதன்மேல் சர்க்கரை. ராஜவேல் குளிக்கப் போகும்போது சமையலறையில் நின்றபடியே தின்றாள். எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"வெட்டுனது வயித்தைத்தானேம்மா," என்றார் டாக்டர் ஷர்மிளா பானு. கோகிலாவுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். "ஆசை அங்க மட்டும் இருந்தா என் வேலை சுலபமாப் போயிருக்கும். நிறையப் பேருக்கு ஒன்றரை, ரெண்டு வருஷத்துல திரும்பி வருது. நீங்க மட்டும் இல்ல. அழாதீங்க."

"எல்லாரும் என்னைப் பாத்து ஆச்சரியப்படுறாங்க டாக்டர். என் தங்கச்சி கல்யாணத்துல போட்டோக்காரரு என்னையத் தனியா நிக்க வச்சு எடுத்தாரு. திரும்பப் பழையபடி குண்டாயிட்டா..."

டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து காட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரு சின்ன வெள்ளைக் காலி டப்பாவை எடுத்தார். மேலே 'நிறைவு' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. சர்க்கரை வேணும், மாவு வேணும்னு மூளைக்குச் சேதி அனுப்புறதுல அதுக்கும் பங்கு உண்டு. உங்க வயித்துல இருக்கிறதையே எடுத்து, கொஞ்சம் திருத்தி வளர்த்துத் தருவாங்க. நாக்குலயும் குடியேறும், குடல்லயும் குடியேறும். இனிப்பு நாக்குல பட்டதும், போதும், நிறைஞ்சிருச்சுன்னு மூளைக்குச் சேதி போகும். தொட்டதும் போதும்னு தோணிரும்."

"மத்தவங்களுக்கு ஒட்டிக்குமா?"

"பெரியவங்களுக்கு ஒட்டாது. அவங்க வயித்துல ஏற்கெனவே குடியிருக்கிறது புதுசுக்கு எடம் விடாது. கர்ப்பிணிங்க சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஊர்லயே எத்தனையோ ஆயிரம் பேர் எடுக்குறாங்க. யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க." டாக்டர் சிரித்தார். "வைராக்கியம்னு சொல்லிக்கிறதுல ஒரு கௌரவம் இருக்குல்ல."

கோகிலாவும் சொல்லவில்லை. ராஜவேலிடம்கூட.

அவளுக்கென்று வளர்த்த மருந்து கைக்கு வந்தபின் நாட்கள் அமைதியாக இருந்தன. அவளுக்கே வினோதமாகப்பட்ட அமைதி. கல்யாணப் பந்தியில் லட்டு வரும். ஒரு துகளை நாக்கில் வைப்பாள். உடனே உள்ளே ஏதோ ஒன்று மெல்லக் கதவைச் சாத்தும். உதடுகள் தாமாக மூடிக்கொள்ளும். முகம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ஒருநாள் அந்த முகத்தைத் தற்செயலாகப் பந்திக்கூடத்துக் கண்ணாடியில் பார்த்தாள். தூங்கப் போகிறவள் போல, கண் பாதி செருகி, இதழோரம் லேசாகச் சிரித்தது. தன் முகம்தானா என்று ஒரு கணம் தயங்கினாள்.

நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது ஐப்பசியில். அவள் கணவன் தோஹாவில் வேலையில் இருந்தான். பேர் வைக்கும்போதுதான் வர முடியும். பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் அறை. கோகிலா போய்ச் சேர்ந்தபோது நிவேதாவின் மாமியார் பாக்கியம் கதவருகில் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

"வெரசா உள்ள வாத்தா. அந்த நர்சம்மா பாத்தா ஆடித் தீத்துருவா. தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு வைக்கக் கூடாதாம்ல. நாங்கல்லாம் சேனை வைக்காமலா வளந்தோம்?"

உள்ளே, குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கடையில் சர்க்கரைத் தண்ணீர் தயாராக இருந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பான இந்தச் சேனையை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பாக்கியத்தின் வீட்டில் இன்னும் ஒருபடி மேலே. சேனை வைப்பவர் முதலில் தன் நாக்கில் தொட்டுச் சுவைத்து, அதே விரலால் பிள்ளைக்கு வைக்க வேண்டும். அப்போதுதான் குணம் ஒட்டுமாம்.

"உங்க மக வைக்கலையா அத்தை?" என்றாள் கோகிலா.

"எம் மக கை நல்ல கைதான். வாய் இருக்கே வாய், வாடிப்பட்டி வரைக்கும் கேக்கும். எம் பேத்திக்கு அது வேணாம்." பாக்கியம் குரலைத் தாழ்த்தினாள். "நீதான் வைக்கணும். கல்யாண வீட்டுல லட்டு உன்னையச் சுத்திச் சுத்தி வருது, ஒரு துணுக்கைத் தொட்டு வச்சிட்டுப் பேசாம இருக்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த நெஞ்சுறுதி இவளுக்கு வரட்டும்."

"எம் பொண்டாட்டி வைராக்கியம் எவளுக்கு வரும்?" என்றான் ராஜவேல், ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்தபடி. "நானும் அவளுக்குத் துணையா இனிப்பை விட்டுப் பாத்தேன். காலையில விட்டேன், சாயங்காலம் பைக் டப்பாவுல அல்வா இருந்துச்சு."

நிவேதா படுக்கையிலிருந்து கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா மாதிரியே இருக்கணும் இவ."

சொல்லிவிடலாம் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் ராஜவேலின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதோடு, பெரியவர்களுக்கு ஒட்டாது என்றுதானே டாக்டர் சொன்னார். 'பெரியவர்களுக்கு' என்ற சொல்லை அந்த நிமிடம் அவள் யோசிக்கவில்லை.

மோதிர விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்தாள். தன் நாக்கில் வைத்தாள். உள்ளே கதவு சாத்திக்கொண்டது. மறுபடி நனைத்துக் குழந்தையின் நாக்கில் தொட்டாள். பூனைக்குட்டி நாக்குபோல அது ஒருமுறை விரலை வருடியது.

குழந்தை அழவில்லை.

"சமத்து," என்றாள் பாக்கியம். "பாத்தியா, ஒட்டிக்கிருச்சு."

மறுநாளும் அழவில்லை. மடியில் போட்டால் கிடந்தது. தொட்டிலில் விட்டால் கிடந்தது. அந்த வார்டின் மூத்த நர்ஸ் எஸ்தர், குழந்தையின் காலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "இப்ப எல்லாம் சமத்துப் பிள்ளைங்களாத்தான் பொறக்குது. முன்னாடியெல்லாம் இந்த மாடியில நின்னு பேச முடியாது, அத்தனை சத்தம். இப்பப் பாருங்க, கோயில் மாதிரி இருக்கு," என்றாள்.

அதன்பின் சமத்து என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. தோல் மஞ்சளாகிச் சுருங்கியது. நிவேதாவின் மார்பு பால் கட்டிக் கல்லாகக் கிடந்தது. அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளையை அணைத்தாள். குழந்தை மருத்துவர் வந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, உறிஞ்சத்தான் மாட்டேன் என்கிறது என்றார். கையில் ஊசி ஏற்றி க்ளுக்கோஸ் இறக்கினார்கள். மூக்கு வழியே குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். பால் உள்ளே போனதும் பிள்ளை இன்னும் அயர்ந்து தூங்கியது. எழுந்திருக்க அதற்கு எந்த அவசரமும் இல்லை.

"அக்கா, நீ கொஞ்சம் புடி. நான் பிதுக்கிப் பாக்குறேன்," என்றாள் நிவேதா.

கோகிலா குழந்தையை வாங்கித் தங்கையின் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். நிவேதா பிதுக்கினாள். ஒரு சொட்டுப் பால் குழந்தையின் நாக்கில் விழுந்தது.

குழந்தையின் உதடுகள் மெல்ல மூடிக்கொண்டன. முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. கண் பாதி செருகியது. இதழோரம் லேசாகச் சிரித்தது.

இந்த முகத்தைக் கோகிலா பந்திக்கூடத்துக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

தாய்ப்பால் இனிப்பு. இதுவரை அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோகிலா போன் செய்ததும் டாக்டர் பானு மதியமே வந்துவிட்டார். வராண்டாவின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கோகிலா சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நாக்குல தொட்டா வச்சீங்க? உங்க எச்சிலோடயா?"

"எங்க வழக்கம் டாக்டர். நீங்க பிள்ளைங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லலைதான். எங்களுக்கும் யாரும் சொல்லல. இதைப் பரிசோதிச்ச ஊர்ல பொறந்த பிள்ளை வாயில யாரும் விரலை வைக்கிறதில்ல. சேனையை யார் நினைச்சா?" அவர் நெற்றியைத் தேய்த்தார். "பொறந்த பிள்ளை வயிறு காலி வீடும்மா. முதல்ல யார் நுழையறாங்களோ அவங்களுக்குத்தான் முழு வீடும். தாய்க்கிட்ட இருந்து வர்றதுக்குக்கூட இப்ப எடம் இல்ல."

"குழாய்ல பால் குடுத்துக்கிட்டே இருந்தா?"

"எத்தனை நாளைக்கு? வேணும்னு அதுக்குத் தோணவே தோணாது. அழாது, கேக்காது. ஒரு நாள் நாம அசந்தா முடிஞ்சிரும்."

"வேற வழி?"

"இந்த மருந்தை உங்க வயித்துக் கிருமியில இருந்து திருத்தினதுன்னு சொன்னேன்ல. திருத்தாத அசலைக் குளிர்ல வச்சிருக்கோம். அதுதான் இதை வெளிய தள்ளும். வேற யாரோடதும் ஜெயிக்காது. ஆனா கோகிலா, அது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

கோகிலாவுக்குத் தெரியும். எட்டு வயதில் பள்ளிக்கூடத்து வாசலில் மற்ற பிள்ளைகள் தூக்கி எறிந்த ஐஸ் குச்சியைப் பார்த்து நிற்க வைத்தது அது. இருபது வயதில், பெண் பார்க்க வந்தவர்கள் மீதம் வைத்த கேசரியைச் சமையலறையில் அழுதுகொண்டே தின்ன வைத்தது.

"இன்னொண்ணு," என்றார் டாக்டர். "நீங்க இந்த மருந்தோட இருந்தா இந்தப் பிள்ளையைத் தொடவே கூடாது. ஒரு முத்தம் போதும், திரும்ப ஒட்டிரும். தள்ளியே இருக்கணும். இல்ல, நீங்களும் அசலுக்குத் திரும்பணும்."

அறைக்குள் போய்க் கோகிலா எல்லாவற்றையும் சொன்னாள், டாக்டர் சொன்ன வழி உட்பட. ராஜவேல் கையில் இருந்த ஆரஞ்சுத் தோலை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப அது நீ இல்லையாக்கா?" என்றாள் நிவேதா. "அந்த வைராக்கியம்?"

"இல்லடி."

"கட்டுன புருஷன்கிட்டக்கூடச் சொல்லல," என்றாள் பாக்கியம். "நான் ஒரு கோட்டி. தேடிப் புடிச்சு உன்னையக் கூப்பிட்டேன் பாரு."

ராஜவேல் நிமிர்ந்தான். "என்கிட்டச் சொல்ற மாதிரி நான் எங்க வச்சிருந்தேன்? போற எடமெல்லாம் இவ பெருமையைத்தானே பாடிக்கிட்டுத் திரிஞ்சேன்." பிறகு கோகிலாவிடம் மட்டும், மெதுவாகச் சொன்னான்: "நீ குண்டா இருந்தப்பத்தான் நான் உன்னையக் கட்டுனேன், கோகி. மறந்துட்டியா?"

அவளுக்கு அழுகை வந்தது. நிவேதாவைப் பார்த்தாள். நிவேதா குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"உன் பசியை எம் பிள்ளைக்குக் குடுக்கணுமா?" அவள் குரல் கரகரத்தது. "பஸ்ல உன் பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. நான்தான் உக்காருவேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ பட்டதெல்லாம் இவளும் படணுமாக்கா?"

"படுவா," என்றாள் கோகிலா. "படுறதுக்கு உசுரோட இருப்பாடி."

நிவேதா குனிந்து குழந்தையைப் பார்த்தாள். அவள் மடியில் குழந்தை அமைதியாக, அழகாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடந்தது. பிறகு அவள் திரும்பி, பிள்ளையைக் கோகிலாவை நோக்கி நீட்டினாள்.

சாயங்காலம் டாக்டர் ஐஸ் பெட்டியோடு திரும்பி வந்து, அதிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே கலங்கிய நீர், அரிசி கழுவிய தண்ணீர் போல. "முதல்ல எப்படிப் போச்சோ அப்படியே போகட்டும்," என்றார். பாதியைக் கோகிலா குடித்தாள். மீதியில் மோதிர விரலை நனைத்தாள். நாக்கில் தொட்டாள். பிறகு குழந்தையின் நாக்கில்.

இந்தமுறை பாக்கியம் கதவருகில் காவல் நிற்கவில்லை. பேத்தியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை இப்போதைக்கு வெளிய பேச வேண்டாம்," என்றார் டாக்டர், கிளம்பும்போது. "நான் மேல எழுதிக் கேட்டிருக்கேன். இது ஒரே ஒரு கேஸ்தான். சேனை, அதுவும் எச்சிலோட... அபூர்வம்."

"அபூர்வம் என்ன அபூர்வம்?" என்றாள் பாக்கியம். "எங்க பக்கத்துல பாதி வீட்டுல இப்படித்தான்."

டாக்டரின் கை கதவுப் பிடியில் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் போய்விட்டார்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. குழாய்ப் பால் இறங்கியது, க்ளுக்கோஸ் சொட்டியது. நிவேதா தூங்காமல் தூங்கினாள். ராஜவேல் கீழே போய்க் காப்பி வாங்கி வந்தான், யாரும் குடிக்கவில்லை. கோகிலாவுக்கு மட்டும், மூன்றாம் நாள் காலையில் காப்பி டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரை கண்ணில் பட்டது. அதைப் பார்த்தபடியே இருந்தாள். நாக்கடியில் எச்சில் ஊறியது. வந்துவிட்டது என்று புரிந்ததும் பயத்தோடு தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

குழந்தையின் நெற்றி சுருங்கியிருந்தது. வாய் கோணியது. ஒரு கை துணியிலிருந்து விடுபட்டு எதையோ தேடி அலைந்தது. முகம் சிவந்து, கறுத்து, பிறகு அது அழுதது.

அத்தனை சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நிவேதா எழுந்து வாரி எடுத்தாள். பிள்ளை கவ்விய வேகத்தில் "ஆ!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். மடக் மடக்கென்று விழுங்கும் ஓசை அறை முழுக்கக் கேட்டது. ராஜவேல் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினான்.

ஒரு மார்பு தீர்ந்தது. அடுத்ததும் தீர்ந்தது. வாயை எடுத்ததும் மறுபடி வீறிட்டது.

"இன்னுமா?" என்றாள் பாக்கியம். அவள் குரலில் மகிழ்ச்சியும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது.

கோகிலா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இப்போது தொடலாம், முத்தம் கொடுக்கலாம். கழுத்துக் குழிக்குள் குழந்தையின் ஈர வாய் எதையோ தேடிச் சப்பியது. "தெரியும்டி, தெரியும்," என்று காதோரம் சொன்னாள். "உனக்கு என்ன வேணும்னு பெரியம்மாவுக்குத் தெரியும்." நிவேதா கொஞ்சம் கண்ணயரட்டும் என்று வராண்டாவுக்கு வந்து நடந்தாள். பிள்ளையின் அழுகை நீண்ட வராண்டாவில் முட்டி மோதித் திரும்பி வந்தது.

பாதி தூரம் போனபின்தான் அது அவளுக்கு உறைத்தது. திரும்பி வருவது இந்த ஒரு அழுகை மட்டும்தான்.

நர்ஸ் எஸ்தர் எதிரே வந்தாள். "அடேயப்பா, குரல் திரும்பிருச்சா?"

"இந்த மாடியில எத்தனை பிள்ளைங்க இருக்கு சிஸ்டர்?"

"எல்லா ரூமும் ஃபுல்லும்மா. நல்ல முகூர்த்த மாசம், நாள் பாத்து ஆபரேஷன் பண்ணிக்கிறாங்க."

"ஒண்ணும் அழலையே."

"அதான் சொன்னேனே," எஸ்தர் சிரித்தாள். "சமத்துங்க."

கோகிலா பக்கத்துக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். மெலிந்த முகம். ரவிக்கைக்குக் கீழே கையின் தோல் மட்டும், ஒரு காலத்தில் அங்கே வேறொரு உடம்பு இருந்ததைப் போல, தளர்ந்து தொங்கியது. அவளுக்குப் பின்னால் தொட்டிலில் ஒரு குழந்தை கண்ணைப் பாதி செருகிக் கிடந்தது. மேசைமேல் வெள்ளிச் சங்கடை.

"வாங்க, வாங்க. எந் தம்பி மகன், நேத்துத்தான் பொறந்தான். நான்தான் சேனை வச்சேன்," என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக. மேசையிலிருந்த மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து நீட்டினாள். "எடுத்துக்குங்க. நிறைய எடுத்துக்குங்க. நான் இனிப்பே தொடுறதில்ல. இப்பல்லாம் எனக்கு ஆசையே வர்றதில்ல."

கோகிலாவின் தோளில் பிள்ளை வீறிட்டது. நெய் வாசனை மூக்கில் ஏறியது. அவள் கை தானாகப் பெட்டியை நோக்கி நீண்டது. பாதியில் அதை நிறுத்தி, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.